சட்டையில் குத்திய எழுத்து

முருகேசன் கதையை எழுதித் தரணுமாம். என் இடத்துல இப்ப உட்கார்ந்திருக்கிற திவ்யா போன் பண்ணிக் கேட்டா. "மேடம், இந்த வருஷம் மாநாட்டு மலருக்கு நீங்கதான் எழுதணும். புதுசா வர்ற டாக்டருங்களுக்கெல்லாம் நாங்க அதைத்தான் உதாரணமா சொல்றோம்"னா. சரிம்மான்னு போனை வெச்சேன். வெச்சதுலேர்ந்து மண்டைக் குடைச்சல். அவங்க சொல்ற கதையில பொய் ஒண்ணும் கிடையாது. ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல நின்னவ நான். அது முருகேசனோட கதைதானான்னே எனக்கு இன்னும் பிடிபடலை.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு ஸ்டெல்லா. வீடு ஒக்கலிபுரம். அப்பா ரயில்வேல இருந்தார். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் முடிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரியோட நரம்பியல் பிரிவுல செகரட்டரியா சேர்ந்தேன். முதல் வருஷம் பூரா தப்பும் திட்டும்தான். மூளையில ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பேர் வெச்சிருக்காங்களே, அத்தனையும் ஸ்பெல்லிங்கோட மனசுல ஏற ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் இருபத்தெட்டு வருஷம் அதே நாற்காலி. அதுல கடைசிப் பதினேழு வருஷம், நரம்பு டாக்டருங்க வருஷத்துக்கு ஒரு தடவை கூடற மாநாட்டுக்கு ஆபீஸே என் மேஜைதான்.

மூணு நாள் மாநாடுதானேன்னு நினைக்காதீங்க. எட்டு மாசம் உயிரை வாங்கும். யார் எந்த ஃபிளைட்ல வர்றார், யாருக்கு உப்பு ஆகாது, யாரை யார் பக்கத்துல உட்கார வைக்கவே கூடாது, எல்லாம் தலையில இருக்கணும். கழுத்துல மாட்டற அட்டையில பேர்ல ஒரு எழுத்து பிசகினா போச்சு, அந்த டாக்டர் மூணு நாளும் நம்ம மூஞ்சியைப் பார்க்க மாட்டார். பேச வர்றவங்க பென் டிரைவை முந்தியே ஒரு ரூம்ல குடுத்து ஸ்லைடு ஓடுதான்னு பார்க்கணும்னு நாலு மெயில் போடுவேன். மேடை ஏறறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது "ஸ்டெல்லா மேடம்!"னு ஓடி வருவாங்க.

இதெல்லாம் போகட்டும். பதிவு பண்றவங்களுக்கு ஒரு பை குடுப்போமே, அந்தப் பை! ஸ்கேனைப் பார்த்தே ஒருத்தரோட ஜாதகத்தைச் சொல்ற மனுஷங்க, கவுன்ட்டர்ல நின்னு "எனக்கு நீலம் வேணாம், கறுப்பு குடுங்க"ன்னு மல்லுக்கு நிப்பாங்க. இன்னொரு வருஷம் ஒரு பெரிய புரொபசர், தன் பையை யாரோ மாத்தி எடுத்துட்டாங்கன்னு ரகளை பண்ணினார். "சார், எல்லாம் ஒரே பைதான்"னேன். "என்னுது புதுசா இருந்தது"ன்னார். அத்தனை பையும் அன்னைக்குக் காலையில பிரிச்சதுதான். நான் எங்க போய் முட்டிக்கிறது?

எங்க பிரிவுத் தலைவர், சீஃப்னு கூப்பிடுவோம், அவர் வேற மாதிரி. குரலே எழும்பாது. திட்டினதும் இல்லை, நல்லா இருக்குன்னு சொன்னதும் இல்லை. "ஸ்டெல்லா, ஒரு சின்ன விஷயம்"னு ஆரம்பிச்சார்னா கையில இருக்கற வேலையைக் கீழே வெச்சுடுவேன். அது சின்ன விஷயமா இருந்ததே கிடையாது. மாநாட்டுக்கு முந்தின நாள் காலி ஹால்ல தனியாப் போய்க் கடைசி வரிசையில உட்காருவார். ஒவ்வொரு ஸ்லைடா ஓட்டச் சொல்லி, அங்கேர்ந்து அடிவரி எழுத்து தெரியுதான்னு பார்ப்பார். தெரியலைன்னா எந்தப் பெரிய டாக்டரோட ஸ்லைடா இருந்தாலும் மாத்தணும். பின்னாடி உட்கார்றவனும் அதே ஃபீஸ்தானே கட்டியிருக்கான்னு கேட்பார்.

அவரோட இன்னொரு சட்டம், நோயாளியோட பேர் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது. மாநாட்டுக்காக என் மேஜைக்கு வர்ற ரிப்போர்ட்ல பேர், ஊர், வயசு எல்லாம் கறுப்பு மையால அடிச்சிருக்கும். யாருடையதுன்னு எனக்கே தெரியாது. நல்ல சட்டம்தான். நான் மனசார மதிச்ச சட்டம்.

மாநாட்டுல கடைசி நாள், ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ‘லைவ் கேஸ்’னு ஒண்ணு நடக்கும். ஹால்ல உட்கார இடம் இருக்காது. நிஜ நோயாளிங்க ரெண்டு பேரை ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மேடைக்குக் கூட்டிட்டு வருவோம். முதல்ல ஏறறவர் சட்டையில ‘ஏ’ன்னு ஒரு சீட்டு, அடுத்தவர் சட்டையில ‘பி’. வெளியூர்ப் பெரிய டாக்டருங்க அவங்களைச் சோதிச்சுப் பார்த்து இன்ன வியாதின்னு சொல்லணும். நோயாளிங்க உள்ளே போனப்புறம் ஹால்ல எல்லாரும் ஓட்டுப் போடுவாங்க. கடைசியா ரெண்டு பேரோட நிஜ முடிவும் ஒரே ஸ்லைடுல திறக்கும். எங்களுக்கு முன்னாடியே தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது. அதான் அதோட ருசி.

அந்த வருஷம் சீஃபுக்கு ஏகப்பட்ட குஷி. பார்வைக்கு ஒண்ணு போல இருக்கற ரெண்டு பேர் கிடைச்சிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் கை தானா ஆடும், தோள் துள்ளும், முகம் சுளிக்கும், தலை ஒரு பக்கமா வெட்டும். ஆனா காரணம் வேற வேற. ஒருத்தருக்கு ரத்தத்துல இருக்கற எதிர்ப்புச் சக்தி கோணிக்கிட்டு மூளையையே தாக்குது. ஊசி மருந்துல குணமாக்கலாம், பிள்ளைங்களுக்குப் போகாது. இன்னொருத்தருக்கு பரம்பரையா வர்றது. மருந்து கிடையாது. அவர் பெத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ரிப்போர்ட் ரெண்டும் வியாழக்கிழமை வந்துச்சு. "ஸ்டெல்லா, ஒரு சின்ன விஷயம்"னார் சீஃப். "பேஷன்ட்ஸ் ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே சொல்றேன். அதுவரைக்கும் யாரும் சொல்ல வேணாம். மேடையில யாராவது கேட்டா அவங்க வாயிலேர்ந்து வந்துடும். மூணு நாள்தானே?" மூணு நாள்தானேன்னு எனக்கும் தோணுச்சு. வருஷா வருஷம் செய்யறதுதான். இன்னைக்கு நல்லவ வேஷம் போட மாட்டேன், எனக்கு அதுல ஒரு தப்பும் தெரியலை.

வெள்ளிக்கிழமை அந்த முடிவு ஸ்லைடை நான்தான் அடிச்சேன். ஏ: எதிர்ப்புச் சக்தி. பி: பரம்பரை. சனிக்கிழமை ஒரு மாற்றம் வந்துச்சு. ரெண்டாவதா வர்ற நோயாளிக்கு வண்டி சீக்கிரம் கிளம்புதாம், அவரை முதல்ல விட்டுடலாம்னு சீஃப் சொன்னார். "வரிசை மாற்றம், இரண்டாமவர் முதலில்"னு நானே ஒரு வரி அடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டு, வேற வேலைக்குப் போயிட்டேன். அன்னைக்கு அந்தப் பைகளுக்கு வேற தட்டுப்பாடு.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் போகாம காலையிலேயே ஹாலுக்கு வந்துட்டேன். மேடைக்குப் பின்னாடி சின்ன ஏசி ரூம். அங்கதான் நோயாளிங்க. ஜூனியர் டாக்டர் நிதின் ரெண்டு பேர் சட்டையிலும் சீட்டைக் குத்திட்டுப் போயிட்டான். ‘ஏ’ குத்தினவர் மண்டியா பக்கத்துலேர்ந்து வந்த சிவண்ணா, ரிட்டயர்டு ஸ்கூல் மாஸ்டர். கூட அவர் மகன், முப்பது வயசு இருக்கும், அவனும் மாஸ்டர்தான். ‘பி’ குத்தினவர் முருகேசன். சந்தாபுராவுல வீடு, எலெக்ட்ரானிக் சிட்டில கம்பெனி கேப் ஓட்டினவர். கை ஆட ஆரம்பிச்சதும் வண்டியை விட்டுட்டார். அவர் பக்கத்துல அவர் பொண்ணு ரேவதி, அப்பா கையைத் தன் ரெண்டு கைக்குள்ள வெச்சு அமுக்கிப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தா.

பத்தே முக்காலுக்கு நிதின் வந்து சிவண்ணா மாஸ்டரை மேடைக்குக் கூட்டிட்டுப் போனான். மகனும் ஹால்ல போய்ப் பார்க்கறேன்னு போயிட்டான். நான் முருகேசனுக்கு ஒரு காபி குடுத்தேன். பாதி கீழே கொட்டிச்சு.

"மேடம், உங்களுக்குத் தெரியாம இருக்காது"ன்னார் திடீர்னு.

"எதுண்ணா?"

"எனக்கு வந்திருக்கறது பரம்பரை வியாதியா, இல்லையா? ரேவதிக்கு ஒசூர்ல பையன் பார்த்திருக்கு. ஒரே கம்பெனி, அவங்களுக்குள்ள பிடிச்சுப் போச்சு. நான் இப்படி ஆடறதைப் பார்த்துட்டு மாப்பிள்ளையோட மாமா கேக்கறார், இது உங்க குடும்பத்து வியாதியான்னு. இன்னைக்கு பன்னெண்டு மணிக்குள்ள ஒரே வார்த்தைல சொல்லணுமாம். இல்லேன்னா சாயந்திரம் வேற இடம் பார்க்கப் போறாங்களாம். டாக்டர் மத்தியானம் சொல்றேங்கறார். எனக்கு மத்தியானம் ஆகாதே மேடம்."

"நான் டைப் அடிக்கிறவ அண்ணா. எனக்கு என்ன தெரியும்?"னேன். சொல்லும்போதே கண்ணு அந்த பி சீட்டு மேல போயிடுச்சு. பி: பரம்பரை. நானே அடிச்ச வரி. அந்தப் பொண்ணு என்னையே பார்த்துட்டு இருந்தா. இந்த மனுஷன் வியாதி இல்லைன்னு வாக்கு குடுத்து, அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டு, அப்புறம் அவளுக்கே ஆட ஆரம்பிச்சா? பொய் சொல்லிக் கட்டி வெச்சீங்கன்னு துரத்த மாட்டாங்களா? வாயை மூடிட்டு எழுந்து போயிருக்கணும். போனேனா?

"ஒண்ணு மட்டும் சொல்றேண்ணா. இன்னைக்கு அவங்களுக்கு வாக்கு குடுத்துடாதீங்க"ன்னேன்.

முருகேசன் மெதுவா எழுந்து போனை எடுத்துட்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தப்ப முகம் வெளுத்திருந்துச்சு. அதுக்குள்ள சிவண்ணா மாஸ்டர் மேடையிலேர்ந்து வந்துட்டார், நிதின் "அடுத்தது நீங்க"ன்னு முருகேசனைக் கூப்பிட்டான். நான் பின்னாடியே போய் மேடை ஓரமா நின்னேன்.

நாக்கை நீட்டி அப்படியே வெச்சிருங்கன்னார் ஒரு டில்லி டாக்டர். நாக்கு நிக்கலை, உள்ளே ஓடி ஓடி வந்துச்சு. என் விரலை அழுத்திப் பிடிங்கன்னார். பால் கறக்கற மாதிரி அந்தக் கை இறுகறதும் தளர்றதுமா இருந்துச்சு. டாக்டருங்க எட்டிப் பார்த்தாங்க, போன்ல படம் எடுக்காதீங்கன்னு சீஃப் அதட்டாம அதட்டினார். முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. முருகேசன் எதுக்குன்னு புரியாம, ஆடற கையைச் சேர்த்து வணக்கம் போட்டார். ரெண்டு கையும் ஒண்ணு சேரவே ரொம்ப நேரம் ஆச்சு.

அவர் உள்ளே போனதும் ஓட்டெடுப்பு. ரெண்டுமே பரம்பரைன்னு பாதி ஹால் ஓட்டுப் போட்டுச்சு. சீஃப் லேசா சிரிச்சுட்டு ஸ்லைடைத் திறந்தார்.

ஏ: பரம்பரை. பி: எதிர்ப்புச் சக்தி.

எனக்கு ஒண்ணுமே ஓடலை. நான் தப்பா அடிச்சிட்டேனா? பக்கத்துல நின்ன நிதினைப் பிடிச்சு உலுக்கினேன். "ஏம்ப்பா, ஸ்லைடு தலைகீழா இருக்கு!"

"இல்லை மேடம், கரெக்ட்தான். வரிசை மாறிச்சே, காலையில நான்தான் ஸ்லைடுல எழுத்தையும் மாத்திப் போட்டேன். முதல்ல ஏறறவர்தானே ஏ? நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம். எழுத்து ஆளுக்கு இல்லை, மேடை ஏறற வரிசைக்கு. பதினேழு வருஷமா வர்ற போற ஜூனியருக்கெல்லாம் நான் ஓதினது. அதை நானே மறந்துட்டு, வெள்ளிக்கிழமை ஸ்லைடை ஞாயித்துக்கிழமை சீட்டோட சேர்த்துப் படிச்சிருக்கேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

புடவையைத் தூக்கிப் பிடிச்சுட்டு ரூமுக்கு ஓடினேன். "அண்ணா! உங்களுக்கு இல்லை! பரம்பரை இல்லவே இல்லை! குணமாயிடும்! நான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன், அது ஏ-க்குத்தான், உங்களுக்கு இல்லை!"ன்னு கத்தினேன். ரேவதி எழுந்து நின்னுட்டா. முருகேசன் என்னைப் பார்த்து, "நான் அப்பவே சொல்லிட்டேனே மேடம்"னார். "என்னன்னு?" "எங்க குடும்பத்துல இருக்கு, விட்டுடுங்கன்னு. அவங்க வாயால வேணாம்னு கேக்க எனக்குத் தெம்பு இல்லை. அதான் நானே சொல்லிட்டேன்." அப்பதான் ரேவதிக்கே தெரியும். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"ன்னு அழுதா பாருங்க, அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு.

அந்த மாமாவுக்கு நானே போன் போட்டேன். "காலையில இருக்குன்னார், இப்ப நீங்க இல்லைங்கறீங்க. நீங்க யாரும்மா?"ன்னார். டைப்பிஸ்ட்டுன்னு எப்படிச் சொல்றது? நேரா மேடைக்குப் போனேன். சீஃபுக்குச் சால்வை போத்திட்டு இருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி மேடை ஏறி அவர் காதுல, "சார், ஒரு பெரிய விஷயம், இப்பவே வாங்க"ன்னேன். சால்வையோட இறங்கி வந்தார். வர்ற வழியிலேயே நான் செஞ்சதைச் சொல்லிட்டேன். அவர் ரூமுக்கு வந்து போனை வாங்கி, அந்த மாமாவைத் திரும்பக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போட்டார்.

"நான் டாக்டர் பேசறேன். முருகேசனுக்கு வந்திருக்கறது பரம்பரை இல்லை. பொண்ணுக்கு வராது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் டாக்டர்?"

"வியாழக்கிழமை."

"அப்ப வியாழக்கிழமையே ஏன் சொல்லலை?"

எங்க சீஃப், எத்தனை பெரிய கூட்டத்துல யார் என்ன கேட்டாலும் அந்த மெதுவான குரல்ல பதில் வெச்சிருக்கற மனுஷன். அன்னைக்கு "என் தப்பு"ன்னு மட்டும்தான் சொன்னார். என் பேரை இழுக்கவே இல்லை. "டாக்டர் ஒருத்தர் தப்புன்னு ஒத்துக்கிட்டு நான் கேட்டதே இல்லை. போனைச் சம்பந்திகிட்ட குடுங்க"ன்னார் மாமா. முருகேசனும் ரேவதியும் போனை எடுத்துட்டு வராந்தாவுக்குப் போனாங்க. மூணு மாசத்துல நிச்சயம், ஊசி முடிஞ்சு கை நின்னப்புறம் கல்யாணம். நானும் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன்.

அடுத்த வருஷத்துலேர்ந்து சீஃப் சட்டத்தையே மாத்தினார். மேடைக்கு வர்ற நோயாளிக்குத்தான் முடிவை முதல்ல சொல்லணும். திவ்யா சொல்ற கதை இதோட முடிஞ்சிடுது. தப்பை ஒத்துக்கிட்ட சீஃப், நல்லபடியா நடந்த கல்யாணம், புதுச் சட்டம். நல்ல கதைதான். ஆனா அன்னைக்கு நான் கத்திட்டு ஓடி வந்த அந்த ரூம்ல இன்னொரு ஆளும் உட்கார்ந்திருந்தார். சட்டையில ‘ஏ’ சீட்டோட.

போன் பேசி முடிச்சதும் சீஃப் "ரெண்டு நிமிஷம், முடிச்சுட்டு வந்துடறேன்"னு சால்வையைச் சரி பண்ணிட்டு மேடைக்குத் திரும்பிப் போனார். அவரும் அந்தப் பக்கம் பார்க்கலை, நானும் பார்க்கலை. சந்தோஷத்துல மூக்கைச் சிந்திட்டு நிமிர்ந்தேன். சிவண்ணா மாஸ்டர் மடியில பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம். அப்பா மேடையிலேர்ந்து இறங்கினதுமே, ஓட்டெடுப்புக்கு முன்னாடியே ஹாலை விட்டு டீ குடிக்கப் போயிருந்த மகன் இப்பதான் திரும்பி வந்து கதவுகிட்ட நின்னுட்டு இருந்தான். அவன் வர்றதுக்கு முன்னாடியே நான் கத்தி முடிச்சிருந்தேன்.

"போய் வண்டி வந்துடுச்சா பாருப்பா"ன்னு கன்னடத்துல சொல்லி மகனை அனுப்பினார். அவன் போனதும் என்னைப் பார்த்து, "எனக்குத் தமிழ் புரியும் மேடம்"னார். "ஏ நான்தானே?"

"டாக்டர் வந்துடுவார் சார், அவர் சொல்லுவார்"னேன்.

"டாக்டர் வர்றதுக்குள்ள இவன் வந்துடுவான். இவன் முன்னாடி கேக்க எனக்கு இஷ்டமில்லை. இவனுக்கும் வருமா?"

"பாதிக்குப் பாதி சார்"னேன். சொல்லிட்டேன். டாக்டர் சொல்ல வேண்டியதை டைப்பிஸ்ட் சொல்லிட்டேன். அவர் துண்டால முகத்தை மூடிட்டு அழுதார். ஒரு சத்தம் இல்லை. அப்புறம் முகத்தைத் துடைச்சுட்டு, சட்டையிலேர்ந்த சீட்டைக் கழட்டி என் கையில குடுத்தார். டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க சார்னு கெஞ்சினேன், கேக்கலை. அதுக்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை. சீஃப் ரெண்டு மூணு தடவை லெட்டர் போடச் சொன்னார், போட்டேன், பதில் இல்லை. நோயாளிக்கு முதல்ல சொல்லணும், சரி. நோயாளியோட மகனுக்கு யார் சொல்லணும்? அதுக்கு எங்ககிட்ட சட்டம் இல்லை. யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியலை.

அன்னைக்கு அவர் சீட்டைக் குடுத்ததுமே மகன் உள்ளே வந்தான். "வண்டி வந்துடுச்சுப்பா"ன்னு அப்பாவைத் தோளைப் பிடிச்சு எழுப்பினான். சிரிச்ச முகம். என்கிட்ட வந்து, "அப்பாவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க, ரொம்ப தேங்க்ஸ் மேடம். ரிப்போர்ட்ல பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டான்.

நான் அவன் தோளுக்கு மேல மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தலை ஆடிச்சு. சொல்லாதீங்கன்னு ஆட்டினாரா, சொல்லிடுங்கன்னு ஆட்டினாரா, வியாதிதான் ஆட்டிச்சா, எனக்குத் தெரியலை.

"ஒண்ணும் இல்லைப்பா"ன்னேன்.